ஒட்டுத் துணியும் ஒத்துழைப்பும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவைப்பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் வட்டி, தவணை, ஜாமீன், பங்குத்தொகை என்னும் நான்கு சொற்களுக்குள்ளேயே தங்கள் பிரசங்கத்தை முடித்துவிடுவது வழக்கம். நான் இன்று அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, நம் வீடுகளின் மூலையில் கிடக்கும் கந்தைத் துணியைப்பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறேன். இதென்ன அற்ப விஷயம் என்று எவரும் எண்ணவேண்டா. கந்தைத் துணியை மூலதனமாகக் கொண்டு ஏழை ஸ்திரீகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டு, அதனை 46 ஆண்டுகள் நடத்திய சரித்திரம் ஒன்று உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், அலபாமா ராஜ்யத்தில் நடந்தது. அச்சங்கத்தின் வளர்ச்சியிலும் நாம் கற்கவேண்டியது உண்டு. அதன் முடிவிலும் உண்டு.

அலபாமா நதி மூன்று பக்கமும் வளைந்து சூழ்ந்திருக்கும் ஒரு நிலப்பரப்பில் ஜீஸ் பெண்ட் என்னும் கிராமம் இருக்கிறது. 1816ஆம் ஆண்டில் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் ஏற்படுத்தினார். அதனால் அந்த ஆற்று வளைவுக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. 1845இல் அத்தோட்டம் பெட்வே என்பவர் வசமாயிற்று. வயலில் பாடுபட்டவர்கள் ஆப்பிரிக்க வமிசத்து அடிமைகள். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. எனினும் விடுதலை பெற்றவர்களுக்குச் சொந்த நிலம் கிடைக்கவில்லை. ஆகவே அவர்களும் அவர்களுடைய மக்களும் அந்த மண்ணிலேயே வாரக் குடிகளாகத் தங்கினர். எஜமானரின் பெயராகிய பெட்வே என்பதே இன்றும் அவ்வூரில் பலருக்குக் குடும்பப் பெயராக இருக்கிறது.

வாரக் குடியின் நிலைமையை உங்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. விதைக்கும் உரத்துக்கும் உணவுக்கும் வியாபாரியிடம் முன்கடன் வாங்குவது, மகசூல் வந்ததும் பருத்தியைக் கொண்டுபோய் அவரிடம் அளப்பது, கணக்கு அவர் சொன்னபடி இருப்பது, பாக்கி மறு வருஷத்துக்கு ஏறுவது என்று ஆண்டுகள் கழிந்தன. பருத்தி விலை வீழ்ந்த காலத்தில் கடன் மலைபோல் வளர்ந்தது. கடன் கொடுத்து வந்த வியாபாரி ஒருவர் இறந்தபின், 1932ஆம் ஆண்டில் அவருடைய குடும்பத்தார் பாக்கிக்காகச் சுமார் 60 குடும்பங்களின் உடைமைகளைக் கைப்பற்றினர். கால்நடைகளும், கலப்பைகளும், விதையும், உண்ண வைத்திருந்த தானியமும் வண்டியேறிப் போயின. அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் அளித்த உணவினாலேயே அக்கிராமம் கடந்தது.

பின்னர் அந்நாட்டு மத்திய அரசாங்கம் தோட்ட நிலத்தை விலைக்கு வாங்கிற்று. புது வீடுகளும், பள்ளிக்கூடமும், கூட்டுறவுப் பண்டகசாலையும், பருத்திக் கொட்டை நீக்கும் ஆலையும் ஏற்பட்டன. 1940களில் குடும்பங்கள் சுலபமான தவணையில் நிலத்துக்குச் சொந்தக்காரர்களாயின. இது பின்னால் நேர்ந்த ஓர் ஆபத்துக் காலத்தில் எவ்வளவு பெரிய பலமாயிற்று என்பதைச் சற்று நேரத்தில் சொல்லுகிறேன்.

இனி, போர்வைக்கு வருவோம். பலகை இடுக்குகளில் காற்றுப் புகும் குடிசைகளில் குளிர்காலத்தைக் கழிக்க அவர்களுக்குக் கனத்த போர்வை வேண்டியிருந்தது. அதை வாங்கப் பணமில்லை. ஆகவே வயலில் உழைத்து நைந்த காற்சட்டைகளையும், சட்டைகளையும், பாவாடைகளையும் தாய்மார்கள் பிரித்தெடுத்து, நல்ல பாகங்களைக் கத்தரித்து, துண்டோடு துண்டு இணைத்து மேல்துணி ஆக்கினர். ஆலைத் தரையில் சிதறிக் கிடந்த பஞ்சைக் கூட்டியெடுத்துக் கோலால் அடித்துத் தூசி போக்கி நடுவே பரப்பினர். சாக்குத் துணியை வெளுத்து அடித்துணி ஆக்கினர். இம்மூன்றையும் ஊடுருவ நூலோட்டித் தைத்தால் போர்வை முடிந்தது. வெயிலில் வெளிறிய நீலத் துணியில், சட்டைப்பை இருந்த இடம் மாத்திரம் கருநீலமாகத் தெரியும். அணிந்தவரின் உழைப்பு முழுவதும் அத்துணியில் எழுதியிருப்பதுபோல் இருக்கும்.

இதில் ஒரு முறைமையை நீங்கள் கவனிக்கவேண்டும். மேல்துணியை ஒவ்வொரு ஸ்திரீயும் தன் வீட்டில், தன் மனம் போனபடி, தனியே இணைப்பாள். சதுரத்துக்குள் சதுரமாக அமைப்பதற்குக் ‘கூரை முகடு’ என்று பொருள்படும் பெயர் அங்கே வழங்குகிறது. அந்த ஒரு மாதிரியையே நூறு பேர் நூறு விதமாகச் செய்வார்கள். ஆனால் மூன்று அடுக்கையும் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைக்கும் வேலைக்கு அண்டை வீட்டார் வந்து சுற்றி உட்காருவார்கள். இன்று ஒருத்தியின் போர்வை, நாளை மற்றொருத்தியினுடையது. கற்பனை தனித்தனி, உழைப்பு ஒன்றுகூடி. கூட்டுறவின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்பேன்.

1960களில் அப்பகுதியிலுள்ள கறுப்பின மக்கள் வோட்டுரிமைக்காகத் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள முற்பட்டபோது பெரிய இடுக்கண் நேர்ந்தது. ஜில்லாத் தலைநகராகிய காம்டனுக்கு ஆற்றைக் கடந்து செல்லும் படகு 1962இல் நிறுத்தப்பட்டது. எதிரே தெரியும் ஊருக்குப் பல மைல் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. 2006ஆம் ஆண்டில்தான் படகு மறுபடியும் ஓடிற்று. பெயரைப் பதிந்த குற்றத்துக்காகச் சுற்று வட்டாரத்தில் வாரக் குடிகள் பலர் நிலத்தினின்றும் வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். ஜீஸ் பெண்டில் சொந்த நிலம் பெற்றிருந்தவர்களை மாத்திரம் அவ்விதம் எளிதில் வெளியேற்ற முடியவில்லை. முன்னே நான் சொன்ன பலம் இதுவேயாகும்.

1965 டிசம்பரில், வெளியேற்றப்பட்டவர்களின் குறைகளை எழுதி வாங்குவதற்காகச் சென்ற பிரான்சிஸ் வால்டர் என்னும் பாதிரியார், ஒரு வீட்டின் முன் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த போர்வைகளைக் கண்டு வியந்தார். பின்னர் ஒரு போர்வைக்கு 10 டாலர் வீதம் கொடுத்துப் பலவற்றை வாங்கி, 1966 மார்ச்சில் நியூயார்க் நகரத்தில் ஏலம் போட ஏற்பாடு செய்தார். அதே மாதத்தில் அப்பகுதி ஸ்திரீகள் கூடி ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தனர். விடுதலைப் போர்வைக் கூட்டம் என்று அதற்குப் பொருள் கூறலாம். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்னும் அம்மையார் நெடுங்காலம் அதன் மானேஜராக இருந்து நடத்தினார். 1967இல் தென்பகுதிக் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனம் ஏற்பட்டபோது இச்சங்கமும் அதிற் சேர்ந்தது.

சங்கம் 1968இல் 23 ஏக்கர் நிலம் வாங்கிற்று. மறு வருஷம் அந்நிலத்தில், மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் ஞாபகார்த்தமாகச் சொந்தத் தையற் கட்டடம் எழும்பிற்று. வோட்டுக்குப் பதிந்ததனால் வீடிழந்த குடும்பங்கள் சிலவற்றிற்கு அந்நிலத்தில் ஒரு பகுதி வீட்டு மனையாக விற்கப்பட்டது. கந்தைத் துணியிலிருந்து வந்த வருமானம் வீடில்லாதவனுக்கு மனையாக மாறிற்று என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

ஆயினும் சங்கத்துக்குள் சங்கடம் இல்லாமலில்லை. பட்டணத்துப் பெரிய கடைகள் ஒரே அளவாக, ஒரே மாதிரியாக, நெருங்கிய சீரான தையலோடு போர்வைகள் வேண்டும் என்றன. தன் கண்ணையும் கையிலுள்ள துணியையுமே அளவுகோலாகக் கொண்டிருந்தவர்கள், பிறர் குறித்த மாதிரியை அளவெடுத்துத் தைக்கக் கற்கவேண்டியிருந்தது. 1972இல் ஸியர்ஸ் என்னும் பெரிய வியாபார ஸ்தாபனத்தாருக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. நிலையான கூலி வந்தது. ஆனால் செய்த வேலை போர்வையன்று, உறை. அந்த உறைகளில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை ஸ்திரீகள் வீட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் இஷ்டப்படி தங்களுக்கென்று போர்வை செய்துகொண்டார்கள்.

2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்துச் சித்திரசாலையில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்பு நியூயார்க்கிலும் வைக்கப்பட்டன. 2006இல் அவற்றின் படங்களோடு 10 தபால் முத்திரைகள் வெளியாயின. சித்திரசாலையார் போற்றியவை எவை? கடைக்கு அளவெடுத்துத் தைத்தவை அல்ல. வீட்டுக்கென்று மனம் போனபடி இணைத்தவையே. 2003இல் ஜீஸ் பெண்ட் ஸ்திரீகள் தங்கள் போர்வைகளைத் தாங்களே விற்பதற்கு வேறொரு கூட்டமைப்பு ஏற்படுத்திக்கொண்டனர். பழைய சங்கமோ, மூத்த அங்கத்தினர் முதுமையடைந்து, வேலையும் சுருங்கி, 2012இல் மூடப்பட்டது.

இச்சரித்திரத்திலிருந்து நமது சங்கம் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளலாம். முதலாவது, விற்பனைக்குச் செய்யும் பொருளுக்கு அளவும் தரமும் சங்கம் நிர்ணயிக்க வேண்டும். ஆனால் மாதிரியையும் வர்ணத்தையும் செய்கிறவள் கையில் விடவேண்டும். இரண்டாவது, ஒரே பெரிய வியாபாரியை நம்பிச் சங்கம் நிற்கலாகாது. மூன்றாவது, வயதானவர்களோடு ஒரு சிறு பெண்ணாவது உட்கார்ந்து கற்காத தொழில், அவ்வயதானவர்களோடேயே போய்விடும்.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் பிரயோஜனமில்லை. ஆகவே, தொடங்குவதற்குச் சுலபமான ஒரு சிறு போர்வையின் முறையையும் கூறுகிறேன். குழந்தைக்கு விரிக்கவும் போர்த்தவும் ஏற்றதாய், ஒரு கெஜம் சதுரமாக, அதாவது 36 அங்குலத்துக்கு 36 அங்குலமாக இருக்கட்டும். சிறியதாகையால் சில நாட்களில் முடியும். நான்கு பேர் நான்கு பக்கமும் உட்கார்ந்து தைக்கலாம். பிழை நேர்ந்தாலும் நஷ்டம் சொற்பம்.

பழைய துணியை முதலில் துவைத்து உலர்த்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, நைந்த பாகத்தைத் தள்ளவேண்டும். புதுப் பருத்தித் துணி கலப்பதானால் அதையும் முன்னதாகவே நனைத்துச் சுருங்கவிடவேண்டும். இன்றேல் முதற் சலவையிலேயே போர்வை கோணிப்போகும். பின்பு அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதை அளவாக வைத்து 36 துண்டுகள் கத்தரிக்கவேண்டும். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, துண்டு 6 அங்குலமாக நிற்கும். வரிசைக்கு 6 துண்டாக 6 வரிசை இணைத்தால் மேல்துணி ஆயிற்று. ஒருவர் அஜாக்கிரதையாகத் துண்டுக்குக் கால் அங்குலம் குறைத்து வெட்டினால், ஒரு வரிசையில் ஒன்றரை அங்குலம் குறைந்து, அடுத்தவர் வரிசையோடு பொருந்தாது. அட்டை எல்லாருக்கும் ஒன்றாயிருக்கவேண்டும்; வர்ணம் அவரவர் விருப்பம்.

நம்முடைய சீதோஷ்ணத்துக்கு நடுவே பஞ்சு வேண்டியதில்லை. மிருதுவான பழைய நூற்சேலை போதும். நடுத்துணியும் அடித்துணியும் மேல்துணியைவிடப் பக்கத்துக்குச் சுமார் 2 அங்குலம் அதிகமாக இருக்கட்டும். மூன்றையும் சுருக்கமின்றி விரித்து, நீண்ட தையலால் தற்காலிகமாகப் பிணைத்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சிறு நூலோட்டமாகத் தைக்கவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவே துணி உப்பி நிற்கும். தையல் முடிந்ததும், மிகுந்திருப்பதை வெட்டி, நாற்புறமும் பட்டைத் துணி மடித்துத் தைத்து, தற்காலிகத் தையலைப் பிரித்துவிடவேண்டும்.

சங்கத்தில் இதற்கென ஒரு தனிப் புஸ்தகம் இருக்கட்டும். யார் எவ்வளவு துணி கொடுத்தார், யார் எத்தனை நாள் தைத்தார், எந்தப் போர்வை என்ன விலைக்குப் போயிற்று என்பவற்றை எல்லாரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள். ஜீஸ் பெண்ட் மக்களை நாசமாக்கியது கடன் மாத்திரமன்று. அவர்கள் கண்ணுக்குத் தெரியாத கணக்கே ஆகும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து துவைத்த பழந்துணி ஒரு மூட்டை கொண்டுவரவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் முன்னோர் வாக்கு. கசக்கிய கந்தையைக் கூடி உட்கார்ந்து தைக்கவும் செய்வோமாக. தைக்க உட்காரும்போது ஒவ்வொரு பாட்டியின் பக்கத்திலும் ஒரு பேத்தி ஊசி கோத்துக்கொண்டிருக்கட்டும்.