எரிந்த கூரை, எஞ்சிய விதானம்



ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மைன் ஆற்றங்கரையில் வூர்ட்ஸ்பர்க் என்றொரு நகரம் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நகரத்தையும் சுற்றுப்பகுதியையும் கொண்ட சிறு நாட்டுக்குக் கத்தோலிக்க ஆயரும் அரசரும் ஒருவரே. மலைமேல் இருந்த பழைய கோட்டையில் வாழ்ந்துவந்த இந்த ஆயர் அரசர்கள், நகருக்குள்ளேயே பெரிய மாளிகை ஒன்றைக் கட்ட நினைத்தார்கள். 1720-இல் வேலை தொடங்கியது. கட்டடம் எழும்பி முடியவே 1744 ஆகிவிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட அந்த வூர்ட்ஸ்பர்க் அரண்மனைக்குள் இன்று உங்களை அழைத்துச் செல்கிறேன்.

இதைக் கட்டிய பால்தசார் நோய்மான் பீரங்கியும் மணியும் வார்க்கும் தொழிலில் பழகி, பிறகு படைப் பொறியாளர் ஆனவர். அவருடைய திறமையைப் பார்க்க மாடிப்படிக்குப் போக வேண்டும். கீழ்த்தளம் தாழ்வாக, சற்று இருட்டாக இருக்கும். அங்கிருந்து அகலமான படிகளில் ஏறத் தொடங்கினால், ஒவ்வொரு படிக்கும் தலைக்கு மேலே வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். நடுமேடையில் படிக்கட்டு இரண்டாகப் பிரிந்து திரும்புகிறது. அண்ணாந்து பார்த்தால், ஏறத்தாழ 18 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்ட கல் விதானம். நடுவில் தாங்குவதற்கு ஒரு தூண்கூட இல்லை. இவ்வளவு பெரிய வளைவு நிற்குமா என்று அந்தக் காலத்திலேயே சந்தேகப்பட்டவர்கள் உண்டு என்பார்கள்.

அந்த விதானம் முழுவதும் ஓவியம். வெனிஸ் நகரத்து ஓவியர் ஜொவான்னி பத்திஸ்தா டியெபொலோ, தம் மகன்களையும் உதவிக்கு வைத்துக்கொண்டு, 1752, 53-ஆம் ஆண்டுகளில் தீட்டியது. சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைப் பூச வேண்டும், காய்ந்துவிட்டால் பிடிக்காது. அதனால் அன்றன்று தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கே சாந்து பூசுவார்கள். இப்படித் துண்டு துண்டாக உருவானது, கீழே நின்று பார்க்கும் நமக்கு ஒரே வானமாகத் தெரிகிறது.

நடுவில் சூரியக் கடவுள் அப்பல்லோ. நான்கு விளிம்புகளிலும் நான்கு கண்டங்கள். படியேறும்போது முதலில் தெரிவது அமெரிக்கா: இறகு முடி சூடி முதலைமேல் அமர்ந்த பெண். ஆப்பிரிக்கா ஒட்டகத்தோடும், ஆசியா யானைமேலும் வருகின்றன. திரும்பினால் ஐரோப்பா. அங்கே இசைக்கலைஞர்கள் இருக்கிறார்கள். ஓவியத்துக்குப் பணம் கொடுத்த ஆயர் அரசரின் உருவப்படம் மேலே மிதக்கிறது. சீருடை அணிந்து பீரங்கிமேல் சாய்ந்திருப்பவர் நோய்மான். ஆசியாவின் பக்கத்தில் தரையோடு தரையாக விழுந்து கிடக்கும் அடிமைகளும் உண்டு. டியெபொலோ ஐரோப்பாவை விட்டு வெளியே போனதே இல்லை. தன்னை நடுவில் வைத்து உலகத்தைப் பார்த்த ஒரு காலத்தின் மனம் இதில் பதிந்திருக்கிறது. ஆசியாவிலிருந்து போகிற நாம் அந்த அழகையும் ரசிக்க வேண்டும், அந்தப் பார்வையையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1945 மார்ச் 16 இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் இருபது நிமிடம்போல இந்த நகரத்தின்மேல் குண்டு பொழிந்தன. ஏறத்தாழ 5,000 பேர் மாண்டார்கள். பழைய நகரம் பெரும்பாலும் சாம்பலாயிற்று. அரண்மனையின் மரக்கூரை எரிந்து விழுந்தது. மரத்தளம் கொண்ட பக்கப்பகுதி அறைகளும் எரிந்தன. ஆனால் எரிந்து விழுந்த அத்தனை உத்தரங்களையும் நோய்மானின் கல் விதானம் தாங்கிக்கொண்டது. இருநூறு ஆண்டுக்கு முந்தைய சந்தேகத்துக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

இருந்தாலும் ஆபத்து நீங்கவில்லை. மேலே கூரை இல்லாததால், மழை இறங்கினால் சாந்து ஊறி ஓவியம் உதிர்ந்துவிடும். அப்போது வந்து சேர்ந்தவர் ஜான் ஸ்கில்டன். அமெரிக்கப் படையில், கலைச்சின்னங்களைக் காப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட அதிகாரி. வீடிழந்த மக்களுக்கே பலகை கிடைக்காத நேரம் அது. அவர் மைன் ஆற்றோரமாக மரம் தேடிப் பிடித்து, அறுக்க ஏற்பாடு செய்து, தற்காலிகக் கூரை போடவைத்தார். நேற்றுவரை எதிரியாக இருந்த நாட்டின் சொத்தைக் காப்பாற்ற ஓடி அலைந்த அந்த மனிதரை நினைக்காமல் இந்த ஓவியத்தைப் பார்க்கக் கூடாது என்பேன்.

இன்னும் ஓர் அறையைச் சொல்ல வேண்டும். கண்ணாடி அறை. சுவர் முழுவதும் கண்ணாடிப் பலகைகள். அவற்றின் பின்புறம் தங்கப்பூச்சும் ஓவியங்களும். சுவரோடு சேர்ந்திருந்த அவற்றைக் கழற்றி எடுக்க முடியாததால் அந்த அறை போரில் அடியோடு அழிந்தது. மிஞ்சிய ஒரு சில்லு, பழைய புகைப்படங்கள், 19-ஆம் நூற்றாண்டு நீர்வண்ண ஓவியம் ஒன்று. இவற்றை வைத்துக்கொண்டு கைவினைஞர்கள் மறந்துபோன நுட்பத்தைத் திரும்பக் கற்று, 1987-இல் அறையை மீட்டுக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1981-இல், யுனெஸ்கோ இந்த அரண்மனையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்தது.

அரண்மனைக்குப் போனால் எந்த அரசர் கட்டினார், எவ்வளவு செலவானது என்று கேட்பது நம் வழக்கம். இனிமேல் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இடிந்தபோது இதைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார்? கொத்தனாரும் தச்சரும் கண்ணாடிக் கலைஞரும் ஒவ்வொரு தலைமுறையிலும் கைகொடுக்காவிட்டால், எந்த அரசரின் பெருமையும் நம் காலம்வரை வந்து சேராது.