சிறு அலுவலகத்திற்கு ஏற்ற லேசர் அச்சுப்பொறி: பெட்டியின் விலையும் பக்கத்தின் விலையும்

சிறுதொழில் முயல்வோருக்கான தகவல் உரையின் எழுத்து வடிவம்



சிட்னியின் வென்ட்வொர்த்வில், ஹோம்புஷ் பகுதிகளிலும், மெல்பேர்ணின் டாண்டினோங், கிளேட்டன் பகுதிகளிலும் தமிழர் நடத்தும் சிறு அலுவலகங்கள் பல உள்ளன. கணக்காளர், பயண முகவர், தனியார் வகுப்பு ஆசிரியர், வார இறுதித் தமிழ்ப் பள்ளி, கோவில் நிர்வாகம் எனப் பணிகள் வேறுபடினும், அச்சிடுதல், நகலெடுத்தல், ஸ்கேன் செய்தல் ஆகிய மூன்றும் அனைவருக்கும் பொதுவானவை. வருமான வரிப் படிவத்திற்குரிய இறுதி நாளான அக்டோபர் 31 நெருங்கும் வேளையிலோ, மறுநாள் தேர்வுக்கு வினாத்தாள் ஆயத்தமாகும் வெள்ளிக்கிழமை இரவிலோ பொறி நின்றுவிட்டால், இழப்பு பணத்தோடு முடிவதில்லை. நம்பி வந்தவரின் நம்பிக்கையும் குறைகிறது. ஆகவே இம்மூன்று பணிகளையும் ஒருங்கே செய்யும் லேசர் பொறியைத் தெரிவுசெய்யும் முறையை அறிந்திருத்தல் நன்று.

உலர்ந்த தூளை மின்னூட்டத்தின் துணையால் தாளில் படியச் செய்யும் முறையைச் செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயோர்க்கின் அஸ்டோரியாவில் முதன்முதலாகச் செய்துபார்த்து வெற்றி கண்டார். 1970களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனப் பொறியியலாளர் கேரி ஸ்டார்க்வெதர் அம்முறையுடன் லேசர் ஒளியை இணைத்தார். ஒளி உருளையின் மீது எழுத்துருவை வரைகிறது. டோனர் எனப்படும் மைத்தூள் அவ்வுருவில் ஒட்டித் தாளுக்கு மாறுகிறது. வெப்பம் அதனை உருக்கிப் பதிக்கிறது. தூளாதலின் அது உலர்ந்துபோவதில்லை. திரவ மையைப் பயன்படுத்தும் பொறியோ, பள்ளி விடுமுறைபோல் வாரக்கணக்கில் இயங்காதிருப்பின் அடைபட்டுவிடலாம். எழுத்துப் பணி மிகுந்த அலுவலகத்திற்கு லேசர் பொருந்துவது இதனாலேயே. வண்ணப் படங்களை மிகுதியாக அச்சிடுவோருக்கு மை நிரப்பும் பொறி பொருந்தலாம்.

முதலாவதாகச் செய்ய வேண்டியது, கடைக்குச் செல்வதன்று, தாளை எண்ணுவது. கடந்த மூன்று மாதங்களில் எத்தனை தாள்கட்டுகள் செலவாயின என்று பார்த்தால் போதும். ஒரு கட்டில் 500 தாள்கள் உள்ளன. மாதந்தோறும் எத்தனை பக்கம் தேவை என்பது அதிலிருந்தே விளங்கும்.

இரண்டாவதாக, பக்கத்தின் விலையைக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு பொறியின் விலை 200 டொலர். அதன் டோனர் 90 டொலர். அது 1,200 பக்கங்களுக்குப் போதுமானது எனக் கொள்வோம். ஒரு பக்கத்திற்கு 7.5 சதம் ஆகிறது. மற்றொரு பொறியின் விலை 400 டொலர், டோனர் 120 டொலர், பக்கங்கள் 4,000. இங்கே ஒரு பக்கத்திற்கு 3 சதமே. மாதம் 800 பக்கம் அச்சிடும் அலுவலகத்திற்கு மூன்று ஆண்டுகளில் 28,800 பக்கங்கள் தேவை. தாளின் விலை நீங்கலாக, முதற்பொறிக்கு ஆகும் மொத்தச் செலவு 2,360 டொலர். இரண்டாவதற்கு 1,264 டொலர். மலிவெனத் தோன்றியதே ஆயிரம் டொலருக்கு மேல் கூடுதலாகக் கொள்கிறது. மாதம் நூறு பக்கம் மட்டும் அச்சிடுவோருக்கோ, அதே கணக்கில் முதற்பொறியே சற்று மலிவானது.

டோனரின் கொள்ளளவை ஒப்பிடும்போது, ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி அளக்கப்பட்ட எண்ணைக் கேட்டறிதல் வேண்டும். பொறியுடன் வரும் முதல் டோனர் பல வேளைகளில் குறைந்த அளவே கொண்டிருக்கும். சில பொறிகளில் உருளையைத் தனியே மாற்ற வேண்டியிருக்கும். அதன் விலையும் கணக்கில் சேர வேண்டும். வேறு நிறுவனங்களின் டோனரைப் பொறி ஏற்குமா என்பதையும் முன்னரே வினவுதல் நலம். வண்ண லேசர் பொறிக்கு நான்கு நிற டோனர்கள் தேவை என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவதாக, ஸ்கேன் செய்யும் வசதியைக் கருத வேண்டும். பல தாள்களைத் தானாக இழுக்கும் மேல்தட்டு இருப்பின் நேரம் மிச்சமாகும். இருபுறமும் அச்சிடும் பொறி இருபுறமும் ஸ்கேன் செய்யும் என்று கொள்ளலாகாது. இவை வெவ்வேறு வசதிகள். கடவுச்சீட்டு, தைத்த ஏடு ஆகியவற்றிற்குத் தட்டையான கண்ணாடிப் பரப்பு வேண்டும். தமிழ் அச்சிடுவோர் சிறிய எழுத்தில் ஒரு பக்கத்தைக் கடையிலேயே அச்சிட்டுப் பார்க்கலாம். புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும், சொல்லும் மாறிவிடும்.

நான்காவதாக, பிறருடைய ஆவணங்களைக் காக்கும் கடமை உண்டு. வரி எண், மெடிகேர் அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்கள் இப்பொறியின் வழியே செல்கின்றன. தொடக்கக் கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும். இரகசிய எண் இட்ட பின்னரே தாளை வெளியிடும் வசதி, பலர் கூடும் அலுவலகத்திற்கு ஏற்றது. சில பொறிகள் படிகளைத் தம் நினைவகத்தில் வைத்திருக்கும். விற்கும் முன்னரும் கழிக்கும் முன்னரும் அவற்றை அழித்துவிட வேண்டும்.

பொறியை வைக்கும் இடமும் முதன்மையானது. பிரிஸ்பேன் நகரின் குவின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சோதித்த 62 லேசர் பொறிகளுள் 17 பொறிகள் நுண்துகள்களை மிகுதியாக வெளியிட்டமை தெரியவந்தது. ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில், ஊழியரின் முகத்திற்கு அணித்தாக இல்லாதவாறு வைத்தல் நன்று.

வாங்குபவரின் உரிமை சட்டத்தால் காக்கப்படுகிறது. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, பொருள் நியாயமான காலம்வரை பழுதின்றி இயங்க வேண்டும். 2021 ஜூலை 1 முதல், மறுவிற்பனைக்கன்றிச் சொந்தப் பயன்பாட்டிற்கு வாங்கும் 100,000 டொலர் வரையிலான பொருள்களுக்கு, வாங்குபவர் தொழில் நிறுவனமாயினும், இப்பாதுகாப்பு உண்டு. விற்பவரின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்பது மட்டுமே மறுப்பிற்குக் காரணமாகாது. நுகர்வோரின் இவ்வுரிமைகளைத் தவறாக எடுத்துரைத்தமைக்காக, பெயர் பெற்ற கணினி, அச்சுப்பொறி நிறுவனம் ஒன்றிற்குப் பெடரல் நீதிமன்றம் 2013இல் 30 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. கடையுடன் பேசியும் தீராத குறையை நியூ சவுத் வேல்ஸில் பெயார் டிரேடிங் அமைப்பிடமும், விக்டோரியாவில் கன்சூமர் அஃபெயர்ஸ் விக்டோரியாவிடமும் முறையிடலாம். பற்றுச்சீட்டின் எழுத்து நாளடைவில் மங்கிவிடுமாதலால், வாங்கிய அன்றே அதனை ஸ்கேன் செய்து வைத்தல் வேண்டும். தொழில் செலவுக்கான சான்றுகளைப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வரி அலுவலகத்தின் விதி.

இறுதியாக, பழைய பொறியைக் குப்பைத் தொட்டியில் இடலாகாது. விக்டோரியாவில் மின்கழிவுகளை நிலத்தில் புதைப்பது 2019 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. தீர்ந்த டோனர் பெட்டிகளை அவற்றுக்குரிய சேகரிப்புப் பெட்டிகளில் இடலாம். 2018இல் மெல்பேர்ணின் கிரேகிபேர்ண் பகுதியில், ஹியூம் நகரசபையின் ரேஃபீல்ட் அவெனியூ சாலை, பழைய பிளாஸ்டிக் பைகளும் கண்ணாடியும் எஞ்சிய டோனரும் கலந்து அமைக்கப்பட்டது. எழுத்தான தூளின் எச்சம் இவ்வாறு சாலையுமாகிறது.

மாதப் பக்க எண்ணிக்கை, டோனரின் விலையும் கொள்ளளவும், உருளையின் விலை, தேவையான ஸ்கேன் வசதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்பவரை, பெட்டியின் மேலுள்ள தள்ளுபடி விலை எளிதில் மயக்காது.