வாயிலில் ஒலிக்கும் மணி

மென்பொருளை அதற்கு வேண்டிய துணைப்பொருள்கள் யாவற்றுடனும் ஒரே பொதியாகக் கட்டி இயக்குவது கொள்கலன் முறையாகும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர் என்னும் கருவி இதனைப் பரவச்செய்தது. புதிய பொதி களஞ்சியத்திற் சேர்ந்ததும், சேவையகத்தில் இயங்கும் பழையதை மாற்றவேண்டுமன்றோ? ‘வந்ததா, வந்ததா’ என்று சேவையகம் ஓயாது வினவுவது ஒரு வழி. களஞ்சியமே சேவையகத்தின் குறித்த முகவரிக்குச் செய்தி விடுப்பது மற்றொன்று. 2007இல் ஜெப் லின்ட்சே ‘வெப்ஹூக்’ எனப் பெயரிட்டது இதனையே. செய்தி கிடைத்ததும் சேவையகம் புதிய பொதியைத் தருவித்து, பழையதை நிறுத்திப் புதியதை இயக்கும். நள்ளிரவிலும் எவரும் விழித்திருக்க வேண்டியதில்லை.

ஆயின் மணியடித்தவர் தபாற்காரரா, கள்வரா? முகவரியை அறிந்த எவரும் பொய்ச் செய்தி அனுப்பி, சேவையை மீண்டும் மீண்டும் நிறுத்தச் செய்யலாம். ஆதலின் கிட்ஹப், இரு தரப்பாரும் மட்டுமே அறிந்த இரகசியச் சொல்லைக் கொண்டு செய்திக்கு ஓர் ஒப்பம் கணித்து அனுப்புகின்றது. சேவையகமும் அவ்வாறே கணித்து, இரண்டும் ஒத்தாலன்றிக் கதவைத் திறத்தலாகாது. இரகசியச் சொல்லை அமைக்காதோருக்கு ஒப்பமும் வாராது. சோம்பலுக்கு இங்கே விலையுண்டு.

10 விநாடிக்குள் மறுமொழி கிடையாவிடின் அச்செய்தி தவறியதாகவே கொள்ளப்படும். கிட்ஹப் அதனைத் தானாக மீண்டும் அனுப்புவதுமில்லை. எனவே ‘பெற்றோம்’ என உடனே விடையிறுத்து, மாற்றும் வேலையைப் பின்னர் செய்தல் நன்று. பொதிகளுக்கு எண்ணிடுதலும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ‘அண்மையது’ என்ற ஒரே பெயரைச் சூட்டியவர்கள், பழுதுற்ற பொதி புகுந்த அன்று, எதற்குத் திரும்புவதென்று தேடி அலைவர்.