‘பிற்றர்’ என்றொரு சொல்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரிலே உயர்தரம் வரைதான் படித்தேன். இங்கே சான்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. செயலாளர் அண்ணை “ஐந்து நிமிஷம் ஏதாவது கதையும் தம்பி” எண்டு கேட்டபடியால், ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அதுதான் ‘பிற்றர்’.

பள்ளிக்கூடத்தில் ‘பிற்றர்’ எண்டால் கைப்பு எண்டு படித்தோம். பாவற்காய், வேப்பம்பூ, அவ்வளவுதான். இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் “இற்ஸ் பிற்றர் அவுட்சைட்” எண்டார். வெளியிலே என்ன கைக்குது எண்டு முழிச்சன். கடும் குளிராம்! பிறகொரு வெள்ளிக்கிழமை ‘பிற்றர்’ குடிக்கக் கூப்பிட்டார். மருந்துக் குடிநீராக்கும் எண்டு நினைச்சன். அது ஹொப்ஸ் எண்ட பூவைப் போட்டுக் காய்ச்சுகிற பியர். காலையிலே பாணுக்குப் பூசுகிற மாமலேட்டும் கைப்புத் தோடம்பழத்தில் செய்வதுதான். ஆக, இவர்களும் கைப்பை விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள்.

அகராதியைப் பார்த்தேன். ‘பிற்றர்’ என்பதும், கடித்தல் என்று பொருள்படும் ‘பைற்’ என்பதும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்களாம். நாக்கைக் கடித்தால் கைப்பு. தோலைக் கடித்தால் குளிர். மனதைக் கடித்தால்? அதையும் கொஞ்ச நாளிலே படித்தேன்.

எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஒருவரை எங்கள் பகுதிக்கு லைன் லீடர் ஆக்கினார்கள். நான் ஒருவரோடும் கதைப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பெரியவர் என் தோளிலே தட்டி, “டோன்ற் பி பிற்றர்” எண்டார். எனக்குச் சுள்ளெண்டு கோபம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். தமிழிலே ‘மனக்கசப்பு’ எண்டால் அது இரண்டு பேருக்கு நடுவிலே வருவது. பேசித் தீர்த்தால் போய்விடும். ‘கசப்பான அனுபவம்’ எண்டால் கசப்பு நடந்த விஷயத்திலே இருக்கு. ஆங்கிலத்திலும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் ‘ஹி இஸ் பிற்றர்’ எண்டால், நடந்ததை நினைத்து நினைத்து அந்த ஆளே கைச்சுப் போனார் எண்டு அர்த்தம்.

வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். வேலையால் வந்து தொலைபேசியை எடுத்தால் தொழிற்சாலைக் கதை, அதற்குப் பிறகு ஊர்க்கதை, எல்லாம் சத்தம். ஒருநாள் எட்டு வயது மகள் வந்து, “அப்பா, ஆர் யூ பிற்றர்?” எண்டு கேட்டாள். பள்ளிக்கூடக் கதைப்புத்தகத்தில் படித்த சொல்லாம். எனக்கு மறுமொழி வரவில்லை.

நடந்தது கைப்புத்தான். வீடு, காணி, உறவு எல்லாம் இழந்து வந்தவர்கள் நாங்கள். 2009இல் நடந்ததை மறக்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் என் கோபத்தைத்தான் காட்டியிருக்கிறேன், காரணத்தைச் சொல்லவேயில்லை. அன்று அவளை மடியிலே இருத்தி, காணாமல் போன அவளின் பெரியப்பாவைப் பற்றி முதன்முதலாகச் சொன்னேன். அவர் எப்படிப் பட்டம் கட்டுவார், எப்படிச் சிரிப்பார் எண்டும் சொன்னேன். அவள் அவரின் படத்தைக் கேட்டு வாங்கித் தன் மேசையிலே வைத்தாள்.

அடுத்த கிழமை மேற்பார்வையாளரிடம் என்னிலே என்ன குறை எண்டு நேரே கேட்டேன். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழக வேண்டுமாம். இப்போது சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போகிறேன்.

அம்மா பாவற்காயை வெட்டி, உப்புப் போட்டுப் பிசைந்து பிழிந்து, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைப்பா. கைப்பு முழுக்கப் போகாது. ஆனால் பிள்ளையளும் சாப்பிடக்கூடியதாக இருக்கும். அறுசுவையில் கைப்பும் ஒன்றுதானே! எங்கள் கதையையும் அப்படிப் பக்குவமாகப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். நடந்தது கசப்பாக இருக்கட்டும், நாங்கள் ‘பிற்றர்’ ஆக வேண்டாம்.