கூலியாளின் பெயர் ஏட்டில் ஏறிய கதை

(அமைப்புசாரா தொழிலாளர் நலம் குறித்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சொந்த வீடு கட்டியவர்கள் நாலு பேராவது இருப்பீர்கள். கட்டட அனுமதிக்குப் பணம் கட்டிய ரசீதை வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்க. சின்ன வீடுகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதியாக வாங்கியிருப்பார்கள். இதுவும் ஒரு வரி என்று கட்டிவிட்டு நாம் மறந்திருப்போம். அந்த 1 சதவீதம் வந்து சேர ரொம்ப காலம் ஆனது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பழைய காலத்தில் கூலியாளின் பெயர் பெரும்பாலும் எங்கே எழுதப்பட்டது தெரியுமா? மேஸ்திரியின் கடன் நோட்டில். முன்பணம் வாங்கினால் பெயர் ஏறும், கடன் தீரும்வரை அது இறங்காது. 1859இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுப் போனால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். மீறினால் 3 மாதம் வரை சிறை! கடன் கொடுக்கல் வாங்கல் சிவில் விவகாரம்தானே, அதற்கு எதற்கு ஜெயில் என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா? இந்தச் சட்டத்தை ஒழிக்க 1925 வரை ஆனது.

இதற்கிடையே சென்னையில் ஆலைத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பகுதி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் முன்னின்றார்கள். அடுத்து சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விபத்து இழப்பீட்டுக்கு 1923, சென்னை மாகாணத்தில் பேறுகாலப் பலனுக்கு 1934, ஈ.எஸ்.ஐ.க்கு 1948, வருங்கால வைப்பு நிதிக்கு 1952.

இந்தச் சட்டங்களால் பலன் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வசதி இருந்தது. ஆலைக்கு ஒரு கேட் உண்டு, கேட்டுக்குள்ளே ஒரு வருகைப் பதிவேடு உண்டு. கை நசுங்கினால், 'இவர் இங்கே வேலை பார்த்தவர்தான்' என்று அந்த ஏடு சாட்சி சொல்லும்.

கொத்தனாருக்கு எந்த ஏடு சாட்சி? திங்கட்கிழமை தாம்பரத்தில் வேலை, புதன்கிழமை ஆவடியில். காலையில் முச்சந்தியில் நிற்கிறார், யாரோ கூப்பிடுகிறார்கள், போகிறார். சித்தாளுக்கும் கம்பி கட்டுபவருக்கும் இதே நிலைதான். சாரம் சரிந்து விழுந்தால் முதலாளி யார்? வீட்டுக்காரரா, என்ஜினீயரா, மேஸ்திரியா? மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். விழுந்தவரின் மனைவி, தன் கணவர் கொத்தனார்தான் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழியை மகாராஷ்டிரம் 1969இல் காட்டியது. அங்கே மூட்டை தூக்குபவர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. தனி முதலாளியைத் தேடாதே, வாரியம் ஒன்றை அமைத்துத் தொழிலாளியை அதில் பதிவு செய் என்பதுதான் அதன் சாரம். தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதன்கீழ் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது 1994இல்தான். சட்டப் புத்தகத்தில் ஏறிய உரிமை கொத்தனாரின் கைக்கு வர 12 ஆண்டுகள்! சங்கங்கள் கேட்டுக் கேட்டு வந்ததுதான் அது. நாடு முழுவதற்குமான கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் நல நிதிச் சட்டமும் 1996இல் வந்தன. நீங்கள் கட்டிய 1 சதவீதம் அந்த நிதிச் சட்டப்படி வாங்கியது. யார் வேலை கொடுத்தாலும், கட்டடம் என்று ஒன்று எழும்புகிறதே, அதிலிருந்தே எடு என்ற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

1999க்குப் பிறகு ஆட்டோ ஓட்டுநர், தையல் தொழிலாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் என்று வாரியங்கள் பெருகின. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இல் தனி வாரியம் வந்தது. பைக்கில் உணவு கொண்டுவருகிறாரே அந்தத் தம்பி, அவரைப் போன்றவர்களுக்கும் வாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்தார், வாரியமும் வந்தது. அவருக்கு மேஸ்திரி கிடையாது, செல்போன் செயலிதான் மேஸ்திரி. ஆனாலும் கேள்வி அதேதான்: விபத்து நடந்தால் முதலாளி யார்?

இப்போது உங்கள் கையில் இருக்கிற போனுக்கு வருவோம்.

பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம், கட்டணம் கிடையாது. 'ஐந்நூறு கொடு, கார்டு வாங்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 18 முதல் 60 வயது வரை பதியலாம். 60 முடிந்துவிட்டால் புதிதாகப் பதிய முடியாது, அதனால் 57, 58 வயதில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்றே பாருங்க. பதிவு செய்யாத கட்டடத் தொழிலாளி பணியிடத்திலேயே விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவி உண்டு. ஆனால் பிள்ளைகளின் படிப்புக்கும், திருமணத்துக்கும், மகப்பேற்றுக்கும், இயற்கை மரணத்துக்கும், 60க்குப் பிந்தைய ஓய்வூதியத்துக்கும் பதிவு கட்டாயம்.

பதிந்தவர்களும் அசந்துவிடக் கூடாது. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நிறைய வீடுகளில் அட்டை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும், ஆனால் காலாவதி ஆகியிருக்கும். நாமினியாக எப்போதோ இறந்துபோன அம்மாவின் பெயர் இருக்கும். ஓ.டி.பி. போகிற நம்பர் தொலைந்துபோன பழைய போனுடையதாக இருக்கும். இந்த மூன்றையும் சரிபார்க்கக் கொஞ்ச நேரம் போதும். போனில் முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 'இ-ஷ்ரம் அட்டை இருக்கு, அது போதாதா?' என்று கேட்கிறார்கள். போதாது. அது 2021இல் தொடங்கிய மத்திய அரசின் தரவுத் தளம். மாநில வாரியப் பதிவு வேறு, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரியத்தில் பதியப் பணிச்சான்று கேட்பார்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா அந்தத் தாளை நீட்டினால், 'எனக்கு எதுக்கும்மா வம்பு' என்று நழுவாதீங்க. உங்களை முதலாளி ஆக்கி வழக்குப் போட அது வரவில்லை. அவர் வேலை பார்ப்பது உண்மைதான் என்று ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அட்டை கொண்டு வந்தவர்கள் அந்த ஓரத்து மேசைக்கு வாங்க, புதுப்பிக்கும் தேதியை இப்போதே பார்த்துச் சொல்கிறோம்.