அமெரிக்காவில் மருத்துவம்: கனவுக்கு முன் ஒரு கணக்கு



"மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க வைக்கலாமா?" பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. ஆசை நியாயமானதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இறங்கக்கூடாது.

நம் நாட்டில் எஸ்.டி.பி.எம். அல்லது ஏ லெவல் முடித்ததும் நேராக மருத்துவத்தில் சேரலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படியில்லை. முதலில் நான்காண்டு இளங்கலைப் பட்டம். பிறகுதான் நான்காண்டு எம்.டி. படிப்பு. அதன்பின் மருத்துவமனையில் ரெசிடென்சி பயிற்சி, குறைந்தது மூன்றாண்டுகள். 19 வயதில் தொடங்கும் பிள்ளை எல்லாம் முடிக்கும்போது 30 வயதாகிவிடும்.

இளங்கலையில் எந்தத் துறையும் எடுக்கலாம். ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை ஆய்வுக்கூடப் பயிற்சியோடு முடித்திருக்க வேண்டும். அடுத்து எம்கேட் தேர்வு. இதன் மதிப்பெண் 472 முதல் 528 வரை. மதிப்பெண் மட்டும் போதாது. கட்டுரை, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், மருத்துவமனை அனுபவம், நேர்முகம் எல்லாம் பார்ப்பார்கள். மனுச் செய்வதிலிருந்து வகுப்பில் உட்காரும் வரை ஓராண்டுக்கு மேல் ஆகும்.

இனி நமக்குள்ள தடைகளைப் பார்ப்போம். அங்கே 150க்கும் மேற்பட்ட எம்.டி. கல்லூரிகள் உள்ளன. அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வெளிநாட்டு மாணவர்களின் மனுவை ஏற்கிறது. ஏற்பவற்றிலும் பல, அமெரிக்கா அல்லது கனடாவில் படித்த பாடங்களைக் கேட்கின்றன. ஆகவே, இளங்கலையை எங்கே படிப்பது என்பதுதான் முதல் முடிவு. இங்கே பட்டம் முடித்துவிட்டுப் பிறகு யோசித்தால் பல கதவுகள் மூடிவிடும்.

அடுத்தது பணம். பல தனியார் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. சில கல்லூரிகள் நான்காண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வங்கியில் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லும். ஊழியர் சேமநிதியை எடுத்து, வீட்டையும் அடகு வைத்து, இளங்கலையோடு பணம் தீர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

வேறு வழிகளும் உண்டு. சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரி 2007 முதல் பட்டதாரிகளைச் சேர்த்து, அமெரிக்க முறையில் நான்காண்டு எம்.டி. கற்பிக்கிறது. இன்னொரு வழி, இங்கேயே எம்.பி.பி.எஸ். முடித்து, யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளை எழுதி, அங்கே ரெசிடென்சிக்குப் போட்டியிடுவது. இதுவும் சுலபமல்ல. ஆனால் இடம் கிடைக்காவிட்டாலும் மருத்துவப் பட்டம் கையில் இருக்கும்.

பெற்றோர்களே, ஏஜெண்டு சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு கல்லூரியிடமும் இரண்டு கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள்: வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கிறீர்களா? எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவ இடம் கிடைக்காமல் போனாலும் பிழைக்க உதவும் இளங்கலைத் துறையைத் தேர்ந்தெடுங்கள். ஆழம் தெரிந்து காலை விடுங்கள். இறங்கிவிட்டால் பின்வாங்காதீர்கள்.