சாளரத்துச் சுடர்



நத்தாருக்கு முந்திய இரவில் சாளரத்தில் மெழுகுதிரி ஏற்றிவைத்தல் அயர்லாந்து மக்களின் பழைய வழக்கம். தங்குவதற்கு இடமின்றி அலைந்த மரியாளுக்கும் சூசைக்கும் அவ்வொளி வரவேற்பாகும் என்பது அவர்தம் நம்பிக்கை. வீட்டின் கடைக்குட்டியே திரியை ஏற்றும். மேரி எனும் பெயருடையாளே அதனை அணைத்தல் வேண்டும் என்பர். இடையே தானாக அணையின், குடும்பத்துக்குத் தீங்கு நேரும் என அஞ்சினர்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்துணைப் பேர் கடல் கடந்தனர். பின்னரும் பலர் பிரிந்து சென்றனர். 1990இல் குடியரசுத் தலைவராகத் தெரிவான மேரி ராபின்சன், அவர்களையெல்லாம் நினைந்து தம் மாளிகைச் சாளரத்தில் விளக்கொன்றை ஏற்றிவைத்தார்.

பழைய நம்பிக்கையின்படி, பெயரால் அணைக்கும் உரிமை பெற்றவர் அவர். ஆயினும் பிரிந்தோர்க்காக ஏற்றியவரும் அவரே.